அசுதோஷரும் இரண்டரை லட்சமும்

இவ்வாண்டு மலருக்கு ஒரு பெருமகனின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தர வேண்டும் என்று மன்றத்து நண்பர்கள் என்னைக் கேட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்தது ஒரு தமிழ்ப் புலவரையோ தேசபக்தரையோ என்பது எனக்குத் தெரியும். ஆயினும் நான் ஒரு வங்காளியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவர் பெயர் நம் பல்கலைக்கழகக் கட்டடத்தின் மேலேயே இருக்கிறது. நாம் நாள்தோறும் அதன் கீழே நுழைந்து போகிறோம். கண்ணுக்குப் பழகிப் போனதனால் படிப்பதில்லை. சர் அசுதோஷ் முகர்ஜி என்ற அந்தப் பெயருக்கு உரியவர் இல்லையென்றால், தமிழ்நாட்டிலிருந்து வந்த சர். சி. வி. ராமன் இந்நகரத்தில் ஒரு கணக்கு அதிகாரியாகவே இருந்து ஓய்வு பெற்றிருக்கக் கூடும். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். வேறொரு காரணமும் உண்டு. அது போகப் போகத் தெரியும்.

அசுதோஷர் 1864ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவின் பௌபஜார்ப் பகுதியில் பிறந்தார். தந்தை கங்கா பிரசாத் முகோபாத்யாயர் மருத்துவர். தாய் ஜகத்தாரிணி தேவி. பவானிப்பூரில் வீடு. சிறுவனுக்குக் கணிதத்தில் பைத்தியம். நாமெல்லாம் நுழைவுத் தேர்வை நினைத்து நடுங்கும் வயதில் அவர் யூக்ளிடின் தேற்றம் ஒன்றுக்குப் புதிய நிரூபணம் கண்டுபிடித்து, இங்கிலாந்தின் கணித ஏடு ஒன்றில் அச்சேற்றிவிட்டார். பிரசிடென்சிக் கல்லூரியில் படித்து 1885இல் கணிதத்தில் எம்.ஏ. பட்டம், அடுத்த ஆண்டே பௌதிகத்தில் இன்னொரு எம்.ஏ., அதே ஆண்டில் அக்காலத்து மாணவர்களுக்குப் பெருங்கனவாக இருந்த பிரேம்சந்த் ராய்சந்த் உதவிச் சம்பளம். கணிதத்தில் அவர் எழுதிய கட்டுரைகளை மேல்நாட்டார் எடுத்தாண்டார்கள். இத்தனையும் இருபத்து மூன்று வயதுக்குள்.

இப்படிப்பட்டவர் என்ன ஆக விரும்பினார்? நீதிபதியாக அல்ல, உபவேந்தராக அல்ல. ஒரு கணிதப் பேராசிரியராக இருந்து வாழ்நாள் முழுவதும் ஆராய்ச்சி செய்ய விரும்பினார். அது நடக்கவில்லை. சர்க்கார் கல்வி இலாகாவில் ஒரு வேலை கொடுக்க முன்வந்தார்கள். ஆனால் அங்கே வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஒரு படி, இந்தியருக்கு அதற்குக் கீழே ஒரு படி. சமமான அந்தஸ்து வேண்டும் என்றார் அசுதோஷர், கிடைக்கவில்லை, வேண்டாம் என்று விட்டார். பிற்பாடு, பல்கலைக்கழகத்தின் முதல் இந்திய உபவேந்தரான குருதாஸ் பானர்ஜி, இந்த இளைஞனுக்காக ஒரு கணித ஆராய்ச்சிப் பதவியை உண்டாக்கப் பார்த்தார். அதற்கு வேண்டியது ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய். வங்காளத்தில் ஜமீன்தார்களுக்குக் குறைவில்லை. கல்யாணத்துக்கு வாணவேடிக்கை விடப் பணம் இருந்தது. ஒரு கணித ஆசிரியனுக்குக் கொடுக்க அந்தச் சில ஆயிரம் திரளவில்லை. அசுதோஷர் வக்கீல் தொழிலுக்குப் போனார்.

அவர் வாழ்க்கையில் இதைவிட முக்கியமான நிகழ்ச்சி வேறில்லை என்பது என் எண்ணம். பின்னால் அவர் செய்தவை, செய்யத் துணிந்தவை, அளவு மீறிச் செய்தவை என்று எதை எடுத்தாலும், அடியில் இந்தக் கிடைக்காத நாற்காலி இருக்கிறது.

வக்கீல் தொழிலில் அவர் பெற்ற வெற்றிகளை நான் விரிக்கப் போவதில்லை. 1894இல் சட்டத்தில் டாக்டர் பட்டம். 1904இல் ஹைகோர்ட் நீதிபதி. 1920இல் சில காலம் தற்காலிகப் பிரதம நீதிபதி. வீட்டு வாழ்க்கையிலும் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். சிறு வயதிலேயே விதவையான தம் மகள் கமலாவுக்கு 1908இல் அவர் மறுமணம் செய்து வைத்தார். குலீன பிராமணக் குடும்பம், ஊர் முழுவதும் எதிர்த்தது, மனிதர் அசையவில்லை. அவருடைய அடர்ந்த மீசையைப் பார்த்து வங்காளிகள் அவரைப் 'புலி' என்று அழைத்தார்கள். மீசை மட்டும் காரணமல்ல என்று தெரிகிறதல்லவா?

1889இல், இருபத்தைந்து வயதுகூட நிரம்புவதற்குள், பல்கலைக்கழகத்தின் பெல்லோ ஆனார். அது முதல் சாகும்வரை அந்த இடத்தை அவர் விட்டு நீங்கவில்லை. 1906இல் உபவேந்தர் பதவி வந்தது. அக்காலத்தில் அது சம்பளமில்லாத கௌரவப் பதவி. பகல் முழுவதும் ஹைகோர்ட்டில் நீதிபதி ஆசனம். மாலையில் பல்கலைக்கழகக் காகிதங்கள். இரண்டிரண்டு ஆண்டுகளாக நான்கு முறை, 1914 வரையில் அவரே உபவேந்தர்.

அவர் கைக்கு வந்தபோது பல்கலைக்கழகம் எப்படி இருந்தது என்பதைச் சொன்னால்தான் மேலே போக முடியும். அது ஒரு பரீட்சைக் கச்சேரி. பாடம் சொல்லிக் கொடுப்பது கல்லூரிகளின் வேலை. பல்கலைக்கழகத்தின் வேலை கேள்வித்தாள் அச்சிடுவது, கட்டணம் வாங்குவது, பட்டம் கொடுப்பது. கர்சான் பிரபு 1904இல் கொண்டு வந்த பல்கலைக்கழகச் சட்டத்தைத் தேசபக்தர்கள் எல்லாரும் வைதார்கள். உயர்கல்வியைச் சர்க்காரின் கைப்பிடிக்குள் கொண்டுபோகும் சூழ்ச்சி என்றார்கள். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் ஒரு மூலையில், பல்கலைக்கழகம் தானே பேராசிரியர்களை நியமித்துப் பாடம் நடத்தலாம் என்று ஒரு விதி இருந்தது. மற்றவர்கள் சட்டத்தை வைதுகொண்டிருக்க, இந்த வக்கீல் அந்த விதியைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு பணம் தேடப் புறப்பட்டார். தர்பங்கா மகாராஜா நூல்நிலையக் கட்டடத்துக்காக இரண்டரை லட்சம் ரூபாய் கொடுத்தார். இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே தொகை இன்னொரு முறை வரும், வேறு விதமாக. 1912இல் வக்கீல் தாரகநாத் பாலித் நிலமும் ரொக்கமுமாகச் சுமார் 15 லட்சம் கொடுத்தார். 1913இல் ராஷ் பிகாரி கோஷ் 10 லட்சம் கொடுத்தார். பின்னால் மேலும் கொடுத்தார். இருவரும் வைத்த நிபந்தனை, அந்த நாற்காலிகளில் இந்தியர்களே அமர வேண்டும் என்பது. 1914 மார்ச் 27இல் சயன்ஸ் காலேஜுக்கு அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டது. இத்தனை பெரிய காரியத்துக்கு இந்திய சர்க்கார் உதவி செய்யவில்லை. கேட்டார்கள், கையை விரித்துவிட்டது.

நாற்காலி தயார், உட்கார ஆள் வேண்டுமே. அப்பொழுது இந்நகரத்திலேயே நிதி இலாகாவில் நல்ல சம்பளத்தில் ஒரு தமிழ் இளைஞர் இருந்தார். காலையிலும் மாலையிலும் பௌபஜார்த் தெருவிலிருந்த விஞ்ஞானச் சங்கத்துக்குப் போய், வீணையையும் மிருதங்கத்தையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். பாலித் பௌதிகப் பேராசிரியர் பதவியை அசுதோஷர் அவருக்குக் கொடுத்தார். பேராசிரியர் வெளிநாடு சென்று பயிற்சி பெற்று வர வேண்டும் என்பது பதவியின் நிபந்தனை. ராமனோ, படிப்பதற்காக வெளிநாடு போக மாட்டேன் என்றார். நம் ஊர்ப் பிடிவாதம்! அசுதோஷர் நிபந்தனையைத் தளர்த்தச் செய்தார், ஆளை விடவில்லை. சர்க்கார் வேலையில் வாங்கியதில் சுமார் பாதிச் சம்பளத்துக்கு ராமன் 1917இல் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அதன் விளைவு 1930இல் உலகத்துக்கே தெரிந்தது. ஆசுதோஷர் அதைப் பார்க்க இருக்கவில்லை.

ராமன் ஒருவரோடு நிற்கவில்லை. இரசாயனத்துக்குப் பிரபுல்ல சந்திர ராய். இளம் விரிவுரையாளர்களாகச் சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாஹாவும். தத்துவத்துக்கு 1921இல் மைசூரிலிருந்து டாக்டர் ராதாகிருஷ்ணன் வந்தார். தென்னாட்டு வரலாற்றைப் பற்றிப் பேச நம் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரை அழைத்தார்கள். அந்தச் சொற்பொழிவுகளைக் கல்கத்தாப் பல்கலைக்கழகமே 1923இல் நூலாக வெளியிட்டது. 1919இல் இந்திய மொழிகளுக்கென்று எம்.ஏ. வகுப்புத் தொடங்கியபோது தமிழுக்கும் அதில் இடம் இருந்தது. தாய்மொழியில் எம்.ஏ.வா என்று அக்காலத்துப் படித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த வகுப்பில் படித்துப் பட்டம் வாங்கினார்கள்.

இனி, நான் முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். 1917இல் முதுகலைப் படிப்பு முழுவதையும் பல்கலைக்கழகம் தன் கீழ் எடுத்துக்கொண்டது. கலைக்கு ஒன்று, விஞ்ஞானத்துக்கு ஒன்று என இரண்டு கவுன்சில்கள் அமைத்தார்கள். முதுகலை வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அவற்றின் உறுப்பினர்கள். எதைப் பாடமாக வைப்பது, யார் எதை நடத்துவது, எப்படிப் பரீட்சை வைப்பது என்பவற்றை எல்லாம் அங்கே ஆசிரியர்களே உட்கார்ந்து பேசினார்கள். அவர்களுடைய தீர்மானம் மேலே போய் அங்கீகாரம் பெற வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் தொடங்குவது அவர்களிடத்தில். அசுதோஷர் அப்போது உபவேந்தர் அல்லர். ஆனால் அந்தக் கவுன்சில்களுக்குத் தலைவர் அவரே. இருபத்தைந்து வயது விரிவுரையாளனும் பேராசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து தம் படிப்பின் கதியை நிர்ணயிப்பது அன்றைய இந்தியாவில் புதுமை. இன்றைக்கும் அது எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று நண்பர்கள் தத்தம் இலாகாவில் விசாரித்துப் பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டைச் சர்க்கார் எந்தக் கண்ணோடு பார்த்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. முன்பே 1913இல் ஒரு மோதல் நடந்திருந்தது. அப்துல் ரசூல், அப்துல்லா சுஹ்ரவர்தி, ஜெயஸ்வால் ஆகிய மூவரைப் பல்கலைக்கழகம் விரிவுரையாளர்களாக நியமித்தது. அரசியலில் ஈடுபட்டவர்கள் என்று சொல்லி இந்திய சர்க்கார் அனுமதி மறுத்தது. அசுதோஷர் எதிர்த்தார். அடுத்த ஆண்டு அவருடைய பதவிக் காலம் முடிந்தபோது, அதை மேலும் நீட்டவில்லை.

1921இல் அவரை மறுபடியும் உபவேந்தராக்கினார்கள். இம்முறை கஜானா காலி.

காலியானதற்குக் காரணங்கள் பல. பல்கலைக்கழகத்தின் பெரிய வருமானம் பரீட்சைக் கட்டணம். 1917இல் பாட்னாவிலும், 1920இல் ரங்கூனிலும், 1921இல் டாக்காவிலும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஏற்பட்டன. அந்தப் பகுதிகளின் மாணவர்களும் கட்டணங்களும் அங்கே போயின. ஒத்துழையாமை இயக்கத்தில் மாணவர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். பரீட்சைக்கு வந்தவர்கள் குறைந்தார்கள். அசுதோஷர் கல்லூரிகளை மூட மறுத்தார். அதற்காகத் தேசபக்தர்களின் வசவையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். இரட்டையாட்சி வந்து கல்வி மாகாண மந்திரியின் பொறுப்பாயிற்று. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தை அதுவரை தன் கையில் வைத்திருந்த இந்திய சர்க்கார், இனி வங்காள சர்க்காரைக் கேட்டுக்கொள் என்று விலகிக்கொண்டது. வங்காள சர்க்காரோ, எங்களிடம் பணம் எங்கே என்றது. தந்தை மூத்த மகனைக் காட்டுகிறார், மூத்தவன் இளையவனைக் காட்டுகிறான்; நடுவில் வீட்டுக்கு அரிசி இல்லை.

ஆனால் குற்றம் முழுவதும் சர்க்காருடையது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. அசுதோஷருக்குச் சிக்கனம் தெரியாது. ஒரு துறையைத் தொடங்கினால் அதற்குப் பணம் பிறகு வரும் என்று நம்புகிறவர். பாலி மொழி, திபெத்திய மொழி, மானிடவியல், பண்டை இந்திய வரலாறு என்று துறைகளைத் திறந்துகொண்டே போனார். ஆசிரியர்களை நியமித்துக்கொண்டே போனார். வேண்டியவர்களுக்கு இடம் கொடுக்கிறார், பரீட்சையில் தேறுவோர் தொகையை ஏற்றுகிறார், தம்மைத் தவிர வேறு யாரும் பேச விடுவதில்லை என்று புகார்கள் இருந்தன. புகார் சொன்னவர்கள் அற்பர்கள் அல்லர். வரலாற்றுப் பேரறிஞர் ஜதுநாத் சர்க்கார் அவர்களில் ஒருவர். 'மாடர்ன் ரிவ்யூ' ஆசிரியர் ராமானந்த சட்டர்ஜி இன்னொருவர். இருவரும் தேசத்தின் நன்மையை நாடியவர்கள். கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. அவர்கள் பக்கத்தை அறவே தள்ள என் மனம் இடங்கொடுக்கவில்லை.

இந்தச் சண்டையின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்றால், ஆசிரியர்கள். முதுகலை ஆசிரியர்களுக்கு மாதக் கணக்கில் சம்பளம் நின்றுபோயிற்று. பேராசிரியர்கள் சிலருக்காவது அறக்கட்டளைப் பணம் இருந்தது. பிரபுல்ல சந்திர ராய் தமக்கு அறுபது வயது நிரம்பிய 1921 முதல் தம் சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக் கொடுத்துவிட்டார். அவர் பிரம்மசாரி, சயன்ஸ் காலேஜிலேயே ஓர் அறையில் வசித்தவர், அவரால் முடிந்தது. விரிவுரையாளன் என்ன செய்வான்? அவனுக்கு வாடகை உண்டு; கிராமத்தில் பெற்றோர் உண்டு; பெண் குழந்தைகள் உண்டு. மளிகைக் கடைக்காரனிடம் கல்வியின் சுதந்திரத்தைச் சொல்லிக் கடன் வாங்க முடியாது. திறமையுள்ளவர்கள் ஒவ்வொருவராக வேறிடம் பார்த்தார்கள். சத்யேந்திரநாத் போஸ் 1921இல் டாக்காவுக்குப் போனார். ஆய்வுக்கூடத்துக்கு வழியில்லாமல் மேகநாத் சாஹா 1923இல் அலகாபாத் போய்ச் சேர்ந்தார். மூன்றே ஆண்டுகளில், உலகம் போற்றிய இரண்டு பௌதிக அறிஞர்கள் இப்படிக் கையை விட்டுப் போனார்கள்.

1922இல் வங்காள சர்க்கார் உதவ முன்வந்தது. தொகை இரண்டரை லட்சம். ஒரு மகாராஜா ஒரு நிபந்தனையும் இல்லாமல் நூல்நிலையத்துக்குக் கொடுத்த அதே தொகை! இப்பொழுது வந்தது நிபந்தனைகளோடு வந்தது. நிதி நிலைமை சீர்ப்படும் வரையில் புதிய செலவுக்கு இடமளிக்கும் எந்த விரிவும் கூடாது. சர்க்காரின் கணக்கதிகாரி சொன்ன திருத்தங்களை ஏற்க வேண்டும். வரவு செலவு விவரத்தைக் காலந்தோறும் சர்க்காருக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும் என்ற போக்கில் அவை அமைந்தன. அதே சமயத்தில் செனட்டின் அமைப்பையே மாற்றுவதற்கான மசோதாக்களும் சட்டசபை வட்டாரத்தில் உலவிக்கொண்டிருந்தன.

தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொரு நிபந்தனையும் சாதுவாகத்தான் தோன்றும். கணக்குக் காட்டச் சொல்வது குற்றமா? கடன் இருக்கும்போது புதுச் செலவு கூடாதென்பது குடும்பத்துப் பாட்டியும் சொல்லும் புத்திமதி அல்லவா? நானும் முதலில் படித்தபோது அப்படித்தான் எண்ணினேன். அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விஷயம் விளங்குகிறது. எந்தத் துறை வளரலாம், எது வளரக் கூடாது என்பதை ஆசிரியர்களின் கவுன்சிலில் தீர்மானித்து வந்தார்கள். இனிமேல் அதை மந்திரியின் காரியாலயம் தீர்மானிக்கும். திபெத்திய மொழிக்கு எத்தனை மாணவர் என்று ஒரு குமாஸ்தா எண்ணிப் பார்த்து, இரண்டே பேர் என்று சிவப்பு மையில் கோடு போடுவார். தமிழுக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

1922 டிசம்பரில் செனட் கூடியது. ஒரு பக்கம், சம்பளம் வராத ஆசிரியர்கள். மறுபக்கம், மேசை மேல் இரண்டரை லட்சம். பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்வதற்கு நல்ல காரணங்கள் இருந்தன. அசுதோஷர் எழுந்து நீண்ட நேரம் பேசினார். அந்தப் பேச்சு இன்றும் நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் பேசப்படுவது. சாரத்தை மட்டும் சொல்கிறேன். அடிமைத்தனத்தை ஒரு கையிலும் பணத்தை மறு கையிலும் நீட்டுகிறார்கள், இந்தப் பணம் வேண்டாம், சிக்கனமாக வாழ்வோம், வங்காளத்தில் வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்போம், நம் முதுகலை ஆசிரியர்கள் பட்டினி கிடப்பார்களே தவிரத் தங்கள் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்றார். சுதந்திரம் என்ற சொல்லை மும்முறை அடுக்கிப் பேச்சை முடித்தார். செனட் அவர் பக்கம் நின்றது. நிபந்தனைகளை ஏற்பதில்லை என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில் எனக்குள் எப்பொழுதும் ஒரு கேள்வி எழும். ஹைகோர்ட் நீதிபதியின் சம்பளம் வாங்குகிறவர், விரிவுரையாளனின் பட்டினியைப் பற்றி வாக்குறுதி கொடுக்கலாமா? விடுதியில் நாங்கள் சிலர் இதைப் பற்றி இரவு வெகு நேரம் வாதாடியிருக்கிறோம். பொருளாதாரம் படிக்கும் நண்பர் ஒருவர், பிறர் வயிற்றைப் பணயம் வைத்து வீரம் பேசுவது எளிது என்றார். அது எளிதில் தள்ளக் கூடிய வாதமல்ல. ஆனால் நான் இப்படி நினைக்கிறேன்: ஆசிரியர்களுக்கு ஒன்றும் கொடுக்காதவர் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அது கொடுமை. இவரோ, ஐந்து ஆண்டுகளாக அவர்களைத் தம் படிப்புக்குத் தாமே எஜமானர்களாக ஆக்கி வைத்திருந்தார். காப்பாற்றுவதற்கு அவர்கள் கையில் ஏதோ ஒன்று இருந்தது. அப்படி ஒன்றும் இல்லாத இடத்தில் எந்த ஆசிரியனும் ஒரு மாதச் சம்பளத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டான், விட்டுக்கொடுக்கவும் கூடாது. இன்று எத்தனையோ கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்பட்டுப் பாடம் நடத்தும் இளைஞர்களை நாம் பார்க்கிறோம். அவர்களிடம் போய்த் தியாகம் செய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

செனட்டின் முடிவுக்குப் பிறகு சர்க்கார் வேறு வழி பார்த்தது. அசுதோஷரின் பதவிக் காலம் 1923 ஏப்ரலில் முடிவதாக இருந்தது. கவர்னர் லிட்டன் பிரபு பல்கலைக்கழகத்தின் வேந்தரும் ஆவார். மார்ச் 24இல் அவர் அசுதோஷருக்கு ஒரு கடிதம் எழுதினார். மரியாதையான கடிதம்தான். மறுபடியும் உபவேந்தராக நியமிக்கச் சித்தமாக இருக்கிறோம். ஆனால் சர்க்காரை எதிர்க்கும் போக்கை விட்டு, மனமார ஒத்துழைப்பதாக உறுதி தர வேண்டும் என்பது பொருள். இரண்டே நாளில், மார்ச் 26இல், பதில் போயிற்று. நீளமான பதில். தாம் செய்த ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, உங்களுக்கு வேண்டியது சர்க்கார் கட்டளைக்கு ஆடும் ஒரு உபவேந்தர், அப்படிப்பட்டவரைத் தேடிக்கொள்ளுங்கள், இந்த இழிவான உபகாரத்தை நான் ஏற்பதற்கில்லை என்ற கருத்தில் எழுதியிருந்தார். ஒரு ஹைகோர்ட் நீதிபதி ஒரு கவர்னருக்கு எழுதிய கடிதம் என்பதை மறக்கக் கூடாது. கடிதங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. அதுவரை அசுதோஷரைக் குறை சொல்லி வந்தவர்கள்கூட அன்றைக்கு மார்பு நிமிர்ந்து நடந்தார்கள் என்பர்.

பதவி போயிற்று. பூபேந்திரநாத் பாசு உபவேந்தரானார். ஆனால் முதுகலைக் கவுன்சில்களின் தலைமையில் அசுதோஷரே இருந்தார். ஆசிரியர்களும் அவரோடு இருந்தார்கள். செனட்டை மாற்றியமைக்க வந்த மசோதாக்கள் சட்டமாகவில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்குப் புதுச் சட்டம் வந்தது 1951இல், நாடு சுதந்திரம் அடைந்த பிறகுதான்.

1923இல் மகள் கமலா இறந்துபோனாள். ஊரை எதிர்த்து மறுமணம் செய்து வைத்த மகள். கவர்னரை எதிர்த்து நின்றவர் அந்தத் துக்கத்தில் ஒடிந்து போனார். அவள் பெயரால் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு வரிசைக்குப் பணம் ஒதுக்கினார். துக்கத்தைக்கூட ஒரு நாற்காலியாகவோ சொற்பொழிவாகவோ மாற்றத்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வாண்டின் இறுதியோடு நீதிபதிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்று, மீண்டும் வக்கீல் அங்கியை அணிந்தார். டும்ராவ் ஜமீன் வழக்கு ஒன்றை நடத்தப் பாட்னா சென்றார். அங்கே சில நாள் நோயுற்று, 1924 மே 25ஆம் நாள் காலமானார். அறுபது வயது நிறைய ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களே இருந்தன.

உடலை ரயிலில் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார்கள். ஹௌராவிலிருந்து கேவ்ராதலா மயானம் வரையில் தெருவெல்லாம் மக்கள். அவருடைய சொந்த நூல்கள் 80,000க்கும் மேல். குடும்பத்தார் பின்னால் அவற்றைத் தேசிய நூல்நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அலிப்பூரில் அந்தத் தொகுப்பு தனியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. நம்மவர்கள் தமிழ்ப் புத்தகம் தேடி அங்கே போவதுண்டு. அடுத்த முறை போகும்போது அசுதோஷர் தொகுப்பையும் கேட்டுப் பாருங்கள். கணித நூல்களுக்கு அங்கே குறைவே இல்லை.